கருப்புப் படைக் கதைக்குள் தொலைந்துபோன கையர்

ஹிட்லரின் எஸ்.எஸ். குதிரைப்படை டிவிஷன் ஒன்றுக்கு ‘ஃபுளோரியன் கையர்’ என்று பெயர். 1945 பிப்ரவரியில் புடாபெஸ்ட் முற்றுகையில் அந்த டிவிஷன் அழிந்தது. சில ஆண்டுகளில் கம்யூனிஸ்ட் கிழக்கு ஜெர்மனி உருவானது; அதன் எல்லைக் காவல் படைப்பிரிவு ஒன்றும் அதே பெயரைச் சூடிக்கொண்டது. பரம விரோதிகளான இரண்டு அரசுகள் ஒரே மனிதரைத் தம் வீரராகக் கொண்டாடின. அந்த மனிதரோ இரண்டுக்கும் பொருந்தாதவர்.

கையர் 1490 வாக்கில் பிறந்தவர். வூர்ஸ்பர்க் நகருக்குத் தெற்கே கீபல்ஷ்டாட் ஊரின் கோட்டையும் நிலமும் அவர் குடும்பத்துக்குச் சொந்தம். வூர்ஸ்பர்க்கின் தேவாலய மடம் ஒன்று பழைய வட்டிப் பாக்கியைக் கேட்டபோது கொடுக்க மறுத்தார். 1517இல் திருச்சபையிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார். மதச் சீர்திருத்தவாதி லூதர் தன் 95 கருத்துரைகளை எழுதியதும் அதே ஆண்டில்தான். பிரபுக்களுக்காகப் போர் செய்வதே கையரின் தொழில். 1519இல் பிரபுக்களும் நகரங்களும் சேர்ந்த ஸ்வாபியக் கூட்டமைப்பின் படையில் சேர்ந்து வூர்ட்டம்பர்க் கோமகனை எதிர்த்துப் போரிட்டார். பின்னர் பிரஷ்யாவின் ஆல்பிரெக்டுக்குப் பணி செய்தார்.

1525 வசந்தத்தில் தெற்கு, மத்திய ஜெர்மனியின் கிராமங்கள் கிளர்ந்தெழுந்தன. மெம்மிங்கன் நகரில் கம்பளித்தோல் தொழிலாளி செபாஸ்டியன் லோட்ஸரும் போதகர் கிறிஸ்டோஃப் ஷாப்பெலரும் குடியானவர்களின் குறைகளைப் பன்னிரண்டு கோரிக்கைகளாகத் தொகுத்தார்கள். எங்கள் போதகரை நாங்களே தேர்ந்தெடுப்போம். கிறிஸ்து எல்லோருக்காகவும் இரத்தம் சிந்தியிருக்க, எங்களை ஒருவரின் உடைமையாக நடத்தக் கூடாது. காட்டில் விறகும் ஆற்றில் மீனும் எங்களுக்கும் வேண்டும். வெட்டி வேலையும் குத்தகையும் குறைய வேண்டும். குடும்பத் தலைவன் இறந்தால் இருப்பதிலேயே நல்ல மாட்டைப் பிரபு ஓட்டிக்கொண்டு போகும் இறப்பு வரி ஒழிய வேண்டும் என்பதும் அவற்றில் ஒன்று. கணவனை இழந்த பெண்ணின் தொழுவத்தைச் சவ அடக்கத்தோடு சேர்த்துக் காலி செய்தது அந்த வரி.

இந்தக் கோரிக்கைகள் நிறைவேறினால் யாருக்கு நட்டம்? கையர் போன்ற நிலப்பிரபுக்களுக்குத்தான். தெரிந்தே அவர் டாவ்பர் பள்ளத்தாக்குக் குடியானவர் படையில் சேர்ந்தார். அவர் வாழ்க்கையில் நாம் வியக்க வேண்டிய இடம் இதுவே.

ஆனால் பின்னால் வந்தவர்கள் வியந்தது வேறு. 1840களில் வில்ஹெல்ம் ஸிம்மர்மான் எழுதிய விவசாயப் போர் வரலாறு கையருக்கு ஒரு ‘கருப்புப் படை’யைக் கொடுத்தது. கோட்டைகளைத் தகர்த்து, கடைசி ஆள் வரை நின்று மடிந்த படை என்ற வீரக்கதை அதில் பிறந்தது. அந்த நூலைச் சார்ந்தே கம்யூனிஸ்ட் சிந்தனையாளர் எங்கெல்ஸ் 1850இல் விவசாயப் போர் பற்றிய தன் நூலை எழுதினார். 1896இல் கெர்ஹார்ட் ஹாவ்ப்ட்மான் கையரை நாடக நாயகனாக்கினார். முதல் உலகப் போருக்குப் பிறகு ஒரு அணிவகுப்புப் பாட்டும் வந்துவிட்டது. ராணுவங்களுக்கு அது போதும்.

ஆவணங்கள் காட்டும் கையர் பெரும்பாலும் தூதர். நகரங்களை ஒப்பந்தத்துக்கு இணங்க வைப்பதும், எதிர்ப்பக்கத்தோடு பேசுவதுமே அவரிடம் ஒப்படைக்கப்பட்ட வேலை. மே 15ஆம் தேதி இரவு வூர்ஸ்பர்க்கின் மரியன்பர்க் கோட்டை மீது குடியானவர்கள் பாய்ந்து பெரும் உயிரிழப்போடு தோற்றபோது, கையர் ரோத்தன்பர்க்கில் இருந்தார். அந்த நகரைக் கூட்டணியில் சேர்க்கவும் பீரங்கிகள் கேட்கவும் போயிருந்தார். மதிலை உடைக்கப் பெரிய பீரங்கி இல்லாமல் அந்தக் கோட்டையைப் பிடிக்க முடியாது. தோல்விக்கு, பீரங்கிகளுக்குக் காத்திராத அவசரமே பெரிய காரணம் என்பேன்.

ஜூன் 2ஆம் தேதி கோனிக்ஸ்ஹோஃபனில் ஸ்வாபியக் கூட்டமைப்பு குடியானவர் படையை நசுக்கியது. இரண்டு நாள் கழித்து கையர் குடும்பத்துக்குச் சொந்தமான இங்கோல்ஷ்டாட் கோட்டை அருகே எஞ்சியவர்களும் வெட்டி வீழ்த்தப்பட்டார்கள். ஒரு காலத்தில் கையர் பணிபுரிந்த அன்ஸ்பாக் பிரபு காசிமிர், கிட்ஸிங்கன் ஊரில் ஐம்பதுக்கும் மேற்பட்டோரின் கண்களைப் பிடுங்க வைத்தான். ரோத்தன்பர்க் கையரை வெளியேற்றியது. ஜூன் 9ஆம் தேதி இரவு, ரிம்பார் அருகே கிராம்ஷாட்ஸ் காட்டில், மைத்துனர் வில்ஹெல்ம் ஃபான் கிரும்பாக்கின் ஆட்கள் அவரைக் குத்திக் கொன்றார்கள். போர்க்களத்தில் வீர மரணம் எதுவும் இல்லை.

அவர் சகாவான இரும்புக்கை வீரர் கோட்ஸ் ஃபான் பெர்லிகிங்கன் கதை எதிர்மாறு. ஓடன்வால்ட் குடியானவர் படைக்குத் தலைமை தாங்கிய அவர், கடைசிப் போருக்கு முன்பே நழுவினார். வற்புறுத்தியதால்தான் சேர்ந்தேன் என்று பிறகு வாதாடினார். 1562 வரை வாழ்ந்து தன் வரலாற்றைத் தானே சொல்லிவிட்டும் போனார். கோதே அதை வைத்து நாடகம் எழுதினார். கையருக்குத் தன் பக்கத்தைச் சொல்ல அவகாசமே கிடைக்கவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் கருப்புப் படை புகுந்தது.

குதிரையும் வாளும் எந்த அரசின் கொடிக்கும் பொருந்தும். விறகு உரிமையும் இறப்பு வரி ஒழிப்பும் அப்படிப் பொருந்தாது; அவை ஆள்பவரிடம் கணக்குக் கேட்பவை. எஸ்.எஸ். படை முன்னதை எடுத்துக்கொண்டு பின்னதை எறிந்தது. கையருக்கு மரணத்துக்குப் பின் இழைக்கப்பட்ட பெரிய அநீதி இது.

சீர்திருத்த இயக்கத்தைப் பள்ளிப் பாடங்கள் விட்டன்பர்க் தேவாலயக் கதவோடும் லூதரின் துணிச்சலோடும் முடித்துவிடுகின்றன. அதே லூதர் 1525இல், கலகம் செய்யும் குடியானவர்களைக் குத்தியும் வெட்டியும் ஒழிக்கலாம் என்று பிரபுக்களைத் தூண்டும் சிற்றேடு எழுதியதையும், அந்தப் போரில் செத்தவர்கள் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வரை இருக்கலாம் என்று மதிப்பிடப்படுவதையும் மாணவர்கள் படிக்க வேண்டும். 95 கருத்துரைகள் அச்சாகும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் மெம்மிங்கன் கோரிக்கைகள் பன்னிரண்டும் அச்சாகட்டும். கையரின் பெயர் அவற்றுக்குக் கீழே வரட்டும், கருப்புப் படை இல்லாமல்.