பூர்வ ஜன்ம பாபமா?

தகப்பனைக் கொன்ற சிறுநீரக வியாதி மகனுக்கும் வந்துவிட்டால், நமது சேந்தமங்கலத்திலும் ஜோசியனைத்தான் முதலில் தேடுகின்றார்கள். அவனோ பூர்வ ஜன்ம பாபம், கொல்லிமலை ஏறி ஆகாய கங்கையில் முழுகு என்கின்றான்.

தோழர்களே! சிறுநீரகம் இரண்டிலும் நீர்க்கட்டிகள் பெருகும் இவ்வியாதி மரபணுக் கோளாறேயாகும். பெரும்பாலோர்க்குக் காரணமான மரபணுவை 1994-லேயே கண்டுபிடித்தாய்விட்டது. தாய் தகப்பனில் ஒருவருக்கிருந்தால், ஆணோ பெண்ணோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதும் வராததும் பாதிக்குப் பாதி. ஒரு வயிற்றுப் பிள்ளைகளில் ஒன்றைப் பிடித்து மற்றதை விடும் பாபம் என்ன பாபமோ, புரட்டர்கள்தான் சொல்லவேண்டும்.

சம்பந்தம் கெடுமென்று பயந்து வீட்டார் வியாதியை ஒளிக்கின்றார்கள். பத்துப் பொருத்தம் பார்க்கின்றவர்கள் இரத்த அழுத்தம் பார்ப்பதில்லை! அதை அடக்கி வைத்தாலே பலருக்குச் சிறுநீரகம் கெடுவதைத் தள்ளிப்போடலாமே. கெட்ட பிறகோ வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ். மலையிலிருந்து இறங்கி வருகின்றவனுக்கு அந்த மூன்று நாள் கூலியும் போயிற்று, பஸ் செலவும் ஆயிற்று. பிழைப்பென்று பிறகு என்ன மிஞ்சும்?

வயிற்று வழியாய் வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிஸுக்கான திரவப் பைகளை, 2021-ல் சர்க்கார் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டுக்கே கொண்டுவந்து தரவேண்டும். அது தர்மமல்ல, உங்கள் வரிப்பணம், உரிமையுடன் கேளுங்கள். அண்ணனுக்கு வந்திருந்தால், தம்பி தங்கைமார் நாமக்கல் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்த அழுத்தமும் ஸ்கேனும் பார்த்து வரட்டும். ஜாதகக் கட்டு பரண்மேலேயே கிடக்கட்டும்.