தஞ்சை தந்த பாரிஸ்டர்

திருநெல்வேலி சட்டக் கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகள் நம் ஆலங்குளம் வட்டாரத்துப் பங்குகளிலும் உண்டு. "வக்கீல் தொழிலில் மனச்சாட்சியோடு வாழ முடியுமா, சாமி?" என்று அவர்தம் பெற்றோர் வினவுவதுண்டு. அவர்களுக்காகவே இத்திங்கள் சர் ஏ. டி. பன்னீர்செல்வத்தைப் பற்றி எழுத விழைகிறேன்.

1888-இல் தஞ்சைத் தரணியில் கத்தோலிக்கக் குடும்பமொன்றில் பிறந்த இவர், இங்கிலாந்து சென்று பாரிஸ்டர் பட்டம் பெற்றுத் திரும்பினார். நீதிக் கட்சியில் சேர்ந்து, தஞ்சை நகராட்சித் தலைவராகவும், 1920-களில் ஜில்லா போர்டுத் தலைவராகவும் விளங்கினார்.

திருவையாற்றில் மராத்திய அரச குடும்பத்து அறக்கொடையால் ஒரு கல்லூரி நடைபெற்று வந்தது. அதன் நிர்வாகம் ஜில்லா போர்டைச் சார்ந்தது. அங்கே வடமொழி மட்டுமே கற்பிக்கப்பட்டது, தமிழுக்கு இடமில்லை. கேட்டால், "அறக்கொடையின் நோக்கம் அதுவே" என்பார்கள். பன்னீர்செல்வமோ கரந்தைத் தமிழ்ச் சங்கத் தலைவரும் வழக்கறிஞருமான உமாமகேசுவரனாருடன் சேர்ந்து மூல சாசனத்தையே ஆராய்ந்தார். கல்விக்கென்று இருந்ததேயன்றி, வடமொழிக்கு மட்டுமென்ற வரையறை அதில் இல்லை! தமிழ் வித்துவான் வகுப்பு அங்கே பிறந்தது. ஊரார் சொல்லக் கேட்டு அமையாமல் மூலப் பத்திரத்தை எடுத்துப் படிப்பவனே நல்ல வழக்கறிஞன். (பாகப்பிரிவினைக்குப் பத்திரத்தோடு பங்கு இல்லத்திற்கு வருவோரும் இதைக் கவனிப்பார்களாக.) ஒரத்தநாடு, இராசாமடம் ஆகிய ஊர்களின் மாணவர் விடுதிகளில் பிராமணரல்லாத பிள்ளைகளுக்கு இடம் கிடைத்ததும் அவர் காலத்திலேதான்.

1931-இல் இலண்டனில் கூடிய வட்டமேசை மாநாட்டில் இந்தியக் கிறிஸ்தவர்களின் பிரதிநிதியாக அமர்ந்தார். முஸ்லிம்கள் சார்பில் ஆகா கான், ஒடுக்கப்பட்டோர் சார்பில் டாக்டர் அம்பேத்கர் முதலியோர் கையெழுத்திட்ட சிறுபான்மையோர் உடன்படிக்கையில் இவரும் கையொப்பமிட்டார். கிறிஸ்தவ வேட்பாளருக்குக் கிறிஸ்தவர் மட்டுமே வாக்களிக்கும் தனித்தொகுதி முறையை அது கோரியது. மற்றொரு கிறிஸ்தவப் பிரதிநிதியான டாக்டர் எஸ். கே. தத்தா அதற்கு இசையவில்லை. என் மனம் தத்தாவின் பக்கமே சாய்கிறது. அண்டை வீட்டாரின் வாக்கு நமக்கு வேண்டாமெனில், அவர் துன்பமும் நமக்கு வேண்டாததாகிவிடும் அன்றோ? எனினும் பன்னீர்செல்வத்தின் அச்சம் காரணமற்றதன்று. பெரும்பான்மைக்கு நடுவே சிறு சமூகத்தின் குரல் கேட்குமா என்ற அவர் கேள்வி இன்றும் உயிரோடிருக்கிறது. பின்னாளில் அரசியல் நிர்ணய சபையில் இயேசு சபைக் குரு ஜெரோம் டிசூசா முதலிய கிறிஸ்தவ உறுப்பினர்கள் மத அடிப்படையிலான ஒதுக்கீட்டை வலியுறுத்தாது விட்டுக்கொடுத்தனர். 1949-இல் அது கைவிடப்பட்டது.

சென்னை அரசில் உள்துறைப் பொறுப்பு வகித்த இவர், 1937-இல் காங்கிரஸ் ஆட்சி ஏற்றபின் எதிர்வரிசையில் அமர்ந்தார். 1938-இல் இராஜாஜி அரசு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியபோது வன்மையாக எதிர்த்தார். அந்த ஆணை 1940 பிப்ரவரி 21 அன்று நீக்கப்பட்டது.

அதற்குள் இந்தியா மந்திரியின் ஆலோசகராக இலண்டனில் பணியேற்க அழைப்பு வந்திருந்தது. மார்ச் 1 அன்று அவர் சென்ற 'ஹனிபால்' விமானம் ஓமான் வளைகுடாவின் மீது பறக்கையில் மறைந்தது. அதிலிருந்த எண்மரில் ஒருவரும் மீளவில்லை. விமானத்தின் சுவடும் கிடைக்கவில்லை.

ஈரோட்டுக்குச் செல்வோர் பன்னீர்செல்வம் பூங்காவைக் கடந்திருப்பீர்கள். அப்பெயர் இவருடையதே.