இரண்டாம் அத்தியாயம் என்னும் தலைவலி

ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கும் மாணவரிடம் எதுவரை முடிந்திருக்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் வரும் பதில் "செகண்ட் சாப்டர் முடிஞ்சிடுச்சு" என்பதுதான். முதல் அத்தியாயம் கைடின் மேசையில் தூங்கிக்கொண்டிருக்கும். மூன்றாவதற்கு இன்னும் டேட்டா வரவில்லை. ஆனால் இரண்டாவது, அதாவது ரிவியூ ஆஃப் லிட்டரேச்சர், ரெடி! தமிழ்த் துறையில் இதையே 'ஆய்வு முன்னோடிகள்' என்பார்கள். பெயர் எதுவானாலும் உள்ளே இருப்பது அநேகமாக ஒன்றுதான். இன்னார் (1998) இந்தத் தலைப்பில் ஆய்வு செய்து இதைக் கண்டறிந்தார். இன்னொருவர் (2001) இதே தலைப்பில் ஆய்வு செய்து அதைக் கண்டறிந்தார். மூன்றாமவர் (2004)... ஆளுக்கு ஒரு பத்தி, பத்திக்கு ஐந்து வரி. இப்படியே நாற்பது பக்கம். கடைசியில், "மேற்கண்டவற்றிலிருந்து இத்துறையில் மேலும் ஆய்வு தேவை என்பது தெளிவாகிறது" என்று ஒரு வரி. மேற்கண்ட எதிலிருந்து அது தெளிவாகிறது என்று மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது.

இதில் மாணவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவர் கையில் சீனியருடைய தீசிஸ் இருக்கிறது. சீனியர் கையில் அவருடைய சீனியரின் தீசிஸ் இருந்தது. ஃபார்மட் என்ற சொல்லுக்கு அவர்களுக்குத் தெரிந்த அர்த்தமெல்லாம் எழுத்தின் அளவு 12, வரி இடைவெளி ஒன்றரை, பைண்டிங்குக்காக இடது ஓரத்தில் கொஞ்சம் கூடுதல் இடம். இவை தவறினால் அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதால் இவற்றில் எல்லோரும் உஷாராக இருக்கிறார்கள். உள்ளே எந்த ஆய்வுக்குப் பக்கத்தில் எந்த ஆய்வு நிற்க வேண்டும் என்பதும் ஃபார்மட்தான், சொல்லப்போனால் அதுதான் முக்கியமான ஃபார்மட் என்பதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

அடுக்கும் விதத்தில் அப்படி என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்பவர்களுக்கு மருத்துவத் துறையிலிருந்து ஓர் உதாரணம் இருக்கிறது. குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளுக்கு நுரையீரல் முதிர்ந்திருக்காது. மூச்சுத் திணறி இறந்துபோகும் அபாயம் அதிகம். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் லிக்கின்ஸ், ஹோவி என்ற இரண்டு மருத்துவர்கள், குறைமாதப் பிரசவம் ஆகக்கூடிய 282 தாய்மார்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்குப் பிரசவத்துக்கு முன்பே பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டுப் பார்த்தார்கள். பலன் தெரிந்தது. 1972ல் முடிவை வெளியிட்டார்கள். அடுத்த பத்து ஆண்டுகளில் இதே கேள்வியை மற்றவர்களும் சோதித்தார்கள். மொத்தம் ஏழு சோதனைகள் சேர்ந்தன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை சிறியவை. தனித்தனியாகப் படித்தால் 'பலன் இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது' என்ற ரகம்தான்.

நம் ஊர் இரண்டாம் அத்தியாயத்தின் பாணியில் இதை எழுதினால் எப்படி இருக்கும்? முதலாமவர் பலன் இருப்பதாகக் கண்டார். இரண்டாமவர் உறுதியான வேறுபாடு இல்லை என்றார். மூன்றாமவரும் உறுதியான வேறுபாடு இல்லை என்றார்... ஆகவே மேலும் ஆய்வு தேவை! கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஏழையும் ஒரே படத்தில் ஒன்றன் கீழ் ஒன்றாகக் கோடுகளாக வரைந்தால் கதை மாறிவிடுகிறது. நடுவில் ஒரு செங்குத்துக் கோடு. அதற்கு இடப்பக்கம் விழுந்தால் ஊசியால் நன்மை, வலப்பக்கம் விழுந்தால் தீமை. பல கோடுகள் நடுக்கோட்டைத் தாண்டி வலப்பக்கமும் நீளத்தான் செய்கின்றன. ஆனாலும் ஒட்டுமொத்தச் சாய்வு இடப்பக்கம்தான். ஏழையும் சேர்த்துக் கணக்கிட்டுக் கீழே போடும் சின்ன வைர வடிவம் நடுக்கோட்டைத் தொடாமல் இடப்பக்கமே நிற்கிறது. 1993ல் தொடங்கப்பட்ட காக்ரேன் அமைப்பின் சின்னம் இந்தப் படம்தான். வட்டத்துக்குள் சில கோடுகளும் ஒரு வைரமும் இருக்கும்.

இதில் வேதனையான செய்தி, 1989 வரை இந்தச் சோதனைகளை முறையாகத் திரட்டி ஒரு மீளாய்வு வெளிவரவே இல்லை என்பது. அதற்குள் இன்னும் சில சோதனைகளும் நடந்து முடிந்திருந்தன. குழந்தை இறக்கும் வாய்ப்பை முப்பது முதல் ஐம்பது சதவீதம் வரை குறைக்கக்கூடிய, விலை மலிவான ஒரு மருந்து. அதன் அருமை பெரும்பாலான மகப்பேறு மருத்துவர்களுக்குத் தெரியாமல் இருந்ததற்கு, திரட்டித் தொகுத்த மீளாய்வு இல்லாததே காரணம் என்று காக்ரேன் அமைப்பினர் சொல்கிறார்கள். தகவல் எல்லாம் நூலகத்தில் இருந்தது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

எம்.காம். மாணவர் எழுதும் வாடிக்கையாளர் திருப்தி ஆய்வில் யாருடைய உயிரும் போகப்போவதில்லை, உண்மைதான். ஆனால் அவருடைய உழைப்பு இருக்கிறது. ஏற்கெனவே விடை தெரிந்த கேள்விக்கு மறுபடியும் நானூறு பேரிடம் கேள்வித்தாள் கொடுத்து அலைவதா, வேண்டாமா என்பதை இந்த அத்தியாயம்தான் சொல்ல வேண்டும். பெரிய மருத்துவமனைகளில்கூட இந்தத் தவறு நடந்திருக்கிறது. அறுவை சிகிச்சையில் ரத்தப்போக்கைக் குறைக்கும் அப்ரோட்டினின் என்ற மருந்தைப் பற்றி 1987 முதல் 2002 வரை 64 சோதனைகள் நடந்தன. பின்னாளில் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோது, 1992ல் வந்த பன்னிரண்டாவது சோதனையிலேயே அது ரத்தப்போக்கைக் குறைக்கிறது என்ற விடை தெளிவாகிவிட்டிருந்தது. மிச்சம் ஐம்பத்திரண்டு? ஒவ்வொரு குழுவும் தனக்கு முன் நடந்தவற்றில் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கைத்தான் மேற்கோள் காட்டியிருந்தது. (அந்த மருந்தின் விற்பனை 2007ல் பாதுகாப்புக் காரணங்களுக்காக நிறுத்தப்பட்டது வேறு கதை.)

சரி, பட்டியலாக இல்லாமல் வேறு எப்படி எழுதுவது? முதலில் ஓர் அட்டவணை போட வேண்டும். எக்செல் போதும், ஒரு பெரிய சார்ட் பேப்பர் இருந்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு ஆய்வுக்கும் ஒரு வரிசை. குறுக்கே கட்டங்கள்: என்ன கேள்வி, யாரிடம், எத்தனை பேரிடம், எந்த முறையில், என்ன முடிவு, எங்கே பலவீனம். இதுவரை பலரும் செய்கிறார்கள். தவறு அடுத்த கட்டத்தில்தான் நடக்கிறது. அட்டவணையை இடமிருந்து வலமாகப் படித்து, ஒரு வரிசையை ஒரு பத்தியாக மாற்றிவிடுகிறார்கள். படிக்க வேண்டியது மேலிருந்து கீழாக. 'முறை' என்ற கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்தால், முப்பது ஆய்வில் இருபத்தெட்டு பேர் கேள்வித்தாளை மட்டுமே நம்பியிருப்பது தெரியவரும். 'யாரிடம்' என்பதை ஓட்டினால் எல்லோரும் கல்லூரி மாணவர்களையே கேட்டிருப்பது தெரியும். இப்படித் தெரியவரும் ஒவ்வொன்றும் ஒரு உபதலைப்பு. ஒவ்வொரு உபதலைப்பின் கீழும் நாலைந்து ஆய்வுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும், சண்டையும் போட்டுக்கொள்ளும்.

சண்டை வரும் இடம்தான் இந்த அத்தியாயத்தின் உயிர். அதே ஸ்டீராய்டு ஊசியை எடுத்துக்கொள்ளலாம். 2015ல் 'லான்செட்' இதழில் இந்தியா உட்பட ஆறு நாடுகளில் நடந்த பெரிய சோதனை ஒன்று வெளியானது. கிராம அளவில் இந்த ஊசியைப் பரவலாக்கிப் பார்த்ததில், மிகச் சிறிய குழந்தைகளுக்குப் பலன் தெரியவில்லை, ஒட்டுமொத்தமாகப் பச்சிளம் குழந்தை மரணம் கூடியிருந்தது! 2020ல் உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளின் 29 மருத்துவமனைகளில் நடத்திய சோதனையில் மரணம் குறைந்தது: ஊசி போடாத பிரிவில் 23.5 சதவீதம், போட்ட பிரிவில் 19.6. பட்டியல் பாணியில் இவை இரண்டும் அடுத்தடுத்த இரண்டு பத்திகள், அவ்வளவுதான். வாசிப்பவர் குழம்பிப் போவார். இரண்டையும் ஒரே பத்தியில் மோதவிட்டு ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்டால், முதல் சோதனையில் கர்ப்ப காலத்தைத் துல்லியமாகக் கணிக்க வசதி குறைவு, ஊசி போடப்பட்ட பலருக்குக் குறைமாதக் குழந்தையே பிறக்கவில்லை, இரண்டாவதில் ஸ்கேன் மூலம் வாரக் கணக்கை உறுதிசெய்து, ஓரளவு வசதியுள்ள மருத்துவமனைகளில் கொடுத்தார்கள் என்பதெல்லாம் வெளியே வரும். அப்போது அடுத்த ஆய்வாளருக்கான கேள்வியும் தானாக வந்துவிடும். 'ஆய்வு இடைவெளி' என்று பெரிதாகத் தலைப்புப் போட்டுத் தேட வேண்டியதில்லை.

இந்த இடத்தில் இன்னொரு வழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கல்வியியல், வணிகவியல் ஆய்வேடுகள் பலவற்றில் இரண்டாம் அத்தியாயம் 'வெளிநாட்டு ஆய்வுகள்', 'இந்திய ஆய்வுகள்' என்று இரண்டாகப் பிரிந்திருக்கும். ஆய்வுகளுக்கு பாஸ்போர்ட் பார்த்து என்ன பயன்? மேலே சொன்ன ஆறு நாட்டுச் சோதனையை எந்தத் தலைப்பின் கீழ் வைப்பார்கள்? இடம் முக்கியமாகும் சந்தர்ப்பங்கள் உண்டு. கிராமமா மருத்துவமனையா என்பது இங்கே முக்கியமாகத்தான் இருந்தது. ஆனால் அதை வாதமாகச் சொல்ல வேண்டும், வெறும் தலைப்பாகப் பிரித்து வைத்துவிட்டுப் போகக் கூடாது.

வாக்கியத்தின் அமைப்பும் இதில் சேர்ந்ததே. ஒவ்வொரு பத்தியும் ஆளின் பெயரில் தொடங்கினால், அத்தியாயம் தானாகவே வருகைப் பதிவேடு ஆகிவிடும். செய்தியை முன்னால் வைத்து, பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் பின்னால் தள்ளிவிட்டால் பாதி நோய் தீர்ந்தது. "பிரசவத்துக்கு முந்தைய ஸ்டீராய்டு பலன் தருவது கர்ப்ப காலக் கணிப்பைப் பொறுத்தது" என்று ஒரு பத்தி தொடங்கட்டும். யார் சொன்னார்கள் என்பது அதன் பின்னால் வரட்டும். ஏபிஏ முறையா, எண் போடும் வான்கூவர் முறையா என்பதைத் துறையோ இதழோ சொல்லிவிடும். அதில் மூளையைக் கசக்க வேண்டியதில்லை, ஒரே முறையைக் கடைசிவரை பின்பற்றினால் சரி. எந்தத் தளத்தில், எந்தச் சொற்களைப் போட்டு, எந்த ஆண்டுவரை தேடப்பட்டது, எவை ஏன் விலக்கப்பட்டன என்பதை அத்தியாயத் தொடக்கத்தில் ஒரு பத்தியில் சொல்லிவிடுவது நல்லது. மருத்துவத் துறையினர் இதற்காகவே 2009ல் பிரிஸ்மா என்று 27 அம்சங்கள் கொண்ட வரையறையை வகுத்து, 2020ல் புதுப்பித்தார்கள். எம்.ஏ. பிராஜெக்ட்டுக்கு அத்தனையும் தேவையில்லை. ஆனால் 'தேடினேன், கிடைத்தது' என்பதற்கு மேல் ஏதாவது இருக்க வேண்டுமல்லவா?

திருட்டுப் பிரச்சினைக்கும் இந்தப் பட்டியல் பாணிக்கும் நெருங்கிய சொந்தம் உண்டு. ஆளுக்கு ஒரு பத்தி என்று வந்துவிட்டால், அந்தப் பத்தி வேறு எதுவாகவும் இருக்க முடியாது. அந்தக் கட்டுரையின் சுருக்கத்தை எடுத்துச் சொற்களை மாற்றிப் போட்டதாகத்தான் இருக்கும். யு.ஜி.சி. 2018ல் கொண்டுவந்த விதிகளின்படி பத்து சதவீதத்துக்கு மேல் ஒற்றுமை இருந்தால் சிக்கல். உடனே மாணவர் என்ன செய்கிறார்? மென்பொருள் காட்டும் சிவப்பு வரிகளில் ஒவ்வொரு சொல்லுக்கும் இணைச்சொல் தேடி மாற்றுகிறார். 'கண்டறிந்தார்' என்பது 'கண்டுபிடித்தார்' ஆகிறது. ஒற்றுமை குறைந்துவிடும், புரிதல் கூடியிருக்காது. மூலக் கட்டுரையைப் பார்க்காமலே அடுத்தவர் மேற்கோளிலிருந்து எடுப்பதும் நம் ஊர் வியாதி மட்டுமல்ல. சிம்கின், ராய்சௌத்ரி என்ற இருவர் 2003ல், மேற்கோள்களில் ஒரே அச்சுப்பிழை திரும்பத் திரும்பப் பரவுவதை வைத்துக் கணக்குப் போட்டு, மேற்கோள் காட்டுபவர்களில் சுமார் இருபது சதவீதத்தினரே மூலத்தைப் படித்திருப்பார்கள் என்று மதிப்பிட்டார்கள். இப்போது சாட்ஜிபிடி வேறு வந்துவிட்டது. கேட்டால் இல்லாத கட்டுரைக்கும் ஆசிரியர் பெயர், இதழ், பக்க எண் எல்லாம் போட்டுத் தரும். பட்டியலில் அது எளிதாக ஒளிந்துகொள்ளும். நாலு ஆய்வை மோதவிடும் பத்தியில் அவ்வளவு எளிதாக ஒளிய முடியாது, ஏனென்றால் அங்கே அந்த ஆய்வு எப்படி நடந்தது என்று சொல்லியாக வேண்டும்.

கைடுகள் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. "முதலில் ஐம்பது ரெஃபரன்ஸ் கொண்டு வா" என்று அவர்கள் சொல்வது மாணவர் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான். ஆளுக்கு ஒரு பத்தி என்று குறிப்பு எடுப்பதும் நல்ல பழக்கமே. அந்தக் குறிப்பு நோட்டில் இருக்கட்டும். வேண்டுமானால் அட்டவணையாகப் பின்னிணைப்பில் போகட்டும். அதையே அத்தியாயம் என்று பைண்டிங் செய்ய ஒப்புக்கொள்வதில்தான் தகராறு. ஐம்பதைக் கேட்கும் கைடு, கூடவே "இந்த ஐம்பதில் எந்த இரண்டு பேர் ஒத்துப்போகவில்லை, ஏன்?" என்று எழுதி வரச் சொன்னால் போதும். அரைப் பக்கம் வந்தாலும் பரவாயில்லை. நாற்பது பக்க அத்தியாயத்தைத் திருத்துவதைவிட அந்த அரைப் பக்கத்தைத் திருத்துவது அவருக்கும் சுலபம். வைவா அன்று வெளியிலிருந்து வரும் தேர்வாளர் கேட்கப்போவதும் அநேகமாக அதைத்தான்.