அந்தக் கல் எந்தக் கல்?



சில மாதங்களுக்கு முன் ஒரு வாசகி சிறுகதை அனுப்பியிருந்தார். மின்னஞ்சல் வந்த நேரம் நள்ளிரவு 1.40. ‘இப்போதுதான் எழுதி முடித்தேன்’ என்று ஒரு வரி. காலை ஏழு மணிக்கு இன்னொன்று: ‘முந்தையதை விட்டுவிடுங்கள், திருத்தியது இது.’ மதியத்துக்குள் மூன்றாவதும் வந்துவிட்டது.

மூன்றையும் அச்செடுத்து அருகருகே வைத்துப் படித்தேன். தலைப்பு மாறியிருந்தது. சில காற்புள்ளிகள் இடம் மாறியிருந்தன. ஒரு வாக்கியம் மட்டும் மூன்றிலும் அப்படியே இருந்தது: ‘அத்தை மறுபடியும் அந்தக் கல்லில் போய் உட்கார்ந்தாள்.’

எந்தக் கல்? அதற்கு முன்னால் கதையில் கல்லே கிடையாது. தொலைபேசியில் கேட்டேன். “துவைக்கிற கல்தான் சார், கிணத்தடியில இருக்குமே” என்றார். அவருடைய ஆச்சி வீட்டுக் கிணற்றடி அது. அவர் மனதில் அந்தக் கல் ஈரத்தோடு கிடக்கிறது. எத்தனை முறை படித்தாலும், தாளில் இல்லாததை மனம் எடுத்துக் கொடுத்துவிடுகிறது. எழுதிய சூட்டில் நாம் படிப்பது எழுதியதை அல்ல, எழுத நினைத்ததை.

“கதையை மூடி வையுங்கள். நாற்பது நாள் தொடவே வேண்டாம்” என்றேன். அந்தப் பக்கம் சற்று நேரம் பேச்சில்லை. “பிடிக்கலையா சார்?” என்று மெதுவாகக் கேட்டார். பிடித்திருந்ததால்தான் சொன்னேன்.

எழுதுகிற எல்லோருக்கும் இதையே சொல்ல விரும்புகிறேன். முதல் படிக்கும் திருத்தத்துக்கும் நடுவில் விடுகிற இடைவெளி வீணாகும் காலமல்ல. அதுவும் எழுத்து வேலைதான். எழுதியவரே தன் எழுத்துக்கு வாசகராக மாற அந்த நாட்கள் வேண்டும்.

இது மிகப் பழைய அறிவு. ரோமானியக் கவிஞர் ஹொரேஸ், எழுதியதை ஒன்பதாம் ஆண்டுவரை வீட்டுக்குள்ளேயே வைத்திரு என்றார். வெளியே விடாதவரை அழித்துத் திருத்தலாம், விட்ட சொல் திரும்பாது என்பது அவர் கருத்து. அவருக்குப் பின்வந்த பேச்சுக்கலை ஆசிரியர் குயின்டிலியன், புதிதாய்ப் பிறந்த குழந்தையைப் போலப் புதிய எழுத்தும் நம்மை மயக்கிவிடும், ஆகவே பிறர் எழுதியதுபோல் தோன்றும்வரை ஒதுக்கி வையுங்கள் என்றார். நம் காலத்து ஸ்டீபன் கிங், 2000இல் வெளியான தம் ‘ஆன் ரைட்டிங்’ நூலில், நாவலின் முதல் படியை ஆறு வாரமாவது மேசை இழுப்பறையில் போட்டு வைக்கச் சொல்கிறார்.

நம் வீட்டிலேயே பெரிய சான்று இருக்கிறது. உ.வே.சாமிநாதையர் சீவகசிந்தாமணியை 1887இல் பதிப்பித்தார். ஊரே கொண்டாடிய பதிப்பு. அத்தோடு அவர் நிறுத்தவில்லை. மேலும் ஏடு தேடினார், மேலும் படித்தார், 1907இல் திருத்திய இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தார். இருபது ஆண்டு கழித்துத் தம் உழைப்பையே புதிய கண்ணோடு பார்த்த மனிதர் அவர்.

நமக்கு அவ்வளவு காலம் வேண்டாம். கட்டுரைக்கு ஓர் இரவாவது, சிறுகதைக்குச் சில வாரம், நாவலுக்கு இரண்டு மூன்று மாதம் என்பது என் அனுபவக் கணக்கு. மூடி வைக்கும்போது, மறுபடி எடுக்கப்போகும் தேதியை முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். தேதி இல்லாமல் வைத்தது பரணுக்குப் போய்விடும். இடையில் ‘ஒரே ஒரு வரி பார்க்கலாமே’ என்று திறக்காதீர்கள். வேறொன்றை எழுதுங்கள், நிறையப் படியுங்கள், வீட்டு வேலை பாருங்கள்.

தேதி வந்ததும் அச்செடுத்து, கையில் பேனா இல்லாமல், ஒரே மூச்சில் படியுங்கள். அடுத்த முறை வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு இடறும் இடத்தில் வாக்கியத்திலும் ஏதோ இடறுகிறது. பேனாவை அதன் பிறகு எடுங்கள்.

கடையில் அரிசி வாங்கும்போது “பழைய அரிசிதானே?” என்று கேட்டு வாங்குகிறோம். புது அரிசி குழைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மாதக்கணக்கில் இருந்த அரிசிதான் பருக்கை பருக்கையாக நிற்கும். எழுதிய கையோடு படித்தால் எழுத்தும் நம்மோடு ஒட்டிக்கொண்டேதான் இருக்கும்.

அந்த வாசகி சரியாக நாற்பத்தோராம் நாள் கதையை அனுப்பினார். இந்த முறை ஒரே ஒரு மின்னஞ்சல். மூன்று பக்கம் குறைந்திருந்தது. அழகாக இருக்கிறதென்று நானே நினைத்திருந்த கடைசிப் பத்தியையும் எடுத்திருந்தார். அது இல்லாமல்தான் கதை முடிகிறது என்று இப்போது எனக்கும் தெரிகிறது. இரண்டாம் பத்தியில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது. கிணற்றடியில், நடுவில் தேய்ந்து குழிந்த ஒரு துவைகல்.

கதை இந்த இதழில் இருக்கிறது. அத்தை அந்தக் கல்லில் மறுபடியும் போய் உட்காரும்போது, நீங்களும் அருகில் இருப்பீர்கள்.

உங்கள் கதைகளுக்கும் காத்திருக்கிறோம். எங்களுக்கு அவசரமில்லை.

அன்புடன்,
ஆசிரியர்