பெயருக்குத் திரும்பிய மலை

இயற்கைக் காப்பகங்களைப் பற்றி நம்மவர் எழுதும் பயணக் கட்டுரைகளில் ஒரு தொடர் தவறாமல் இடம்பெற்றுவிடுகிறது: 'மனிதக் கை படாத இடம்'. நாங்களும் அத்தொடரைத் தயக்கமின்றிப் பயன்படுத்தி வந்தவர்களே. தென்னாப்பிரிக்காவின் தெற்குக் கரையில் ராபர்க் தீபகற்பத்தில் ஒரு பகல் முழுவதும் நடந்து திரும்பிய பிறகு அதைக் கைவிடுவது என்று முடிவு செய்தோம். ஏன் அப்படி முடிவு செய்தோம் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

ராபர்க், கேப் டவுனிலிருந்து கிழக்கே 500 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில், பிளெட்டன்பர்க் குடாவின் தென்கரையாகக் கடலுக்குள் நீண்டு கிடக்கும் ஒரு பாறைமுதுகு. இதன் பாறைகளில் ஒரு பகுதி, கோண்டுவானாப் பெருநிலம் உடைந்துகொண்டிருந்த காலத்தில், ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்தது என்கிறது நிலவியல். கோண்டுவானா என்ற பெயர் நம் மத்திய இந்தியக் காடுகளில் வாழும் கோண்டு மக்களின் நாட்டுப் பெயர். அவர்கள் பேசுவதோ தமிழின் உறவு மொழி. பூமியின் மறுகோடியில் ஒரு தகவல் பலகையில் அப்பெயரைப் படிக்கும்போது, முன்பின் அறியாத ஊரில் தூரத்து உறவினர் ஒருவரை எதிர்கொண்டது போலிருந்தது.

நடப்பதற்கு மூன்று சுற்றுவழிகள் உண்டு: 2.1, 5.5, 9.2 கிலோமீட்டர். நாங்கள் தீபகற்பத்தின் முனைவரை செல்லும் நீண்ட வழியைத் தேர்ந்தோம். தொடக்கத்திலேயே எச்சரிக்கைப் பலகை இருக்கிறது: எதிர்பாராமல் எழும் பேரலைகள் பாறை மேல் நிற்பவரை இழுத்துச் சென்றுவிடும், கவனம். பாதை குடாப் பக்கமாக, செங்குத்துப் பாறையின் விளிம்பை ஒட்டிப் போகிறது. இடப்பக்கம் பச்சையும் நீலமுமாய்க் கடல். வலப்பக்கம் ஃபைன்போஸ் என்று அவர்கள் அழைக்கும், காற்றுக்குக் குனிந்து வளரும் புதர்வெளி. பாறை இடுக்குகளில் டாசி எனப்படும், முயலளவே ஆன விலங்குகள் வெயில் காய்ந்தன. உயிரியல் வகைப்பாட்டில் அவற்றின் நெருங்கிய உறவினர் யானை என்பதை நண்பர் ஒருவர் சொல்ல, மற்றவர் நம்ப மறுத்தார். உண்மை அதுதான்.

கடல்நாய்களைக் கண்ணால் காண்பதற்கு முன் மூக்கும் காதும் அறிந்துவிட்டன. அழுகிய மீனின் நாற்றம் காற்றோடு மேலேறி வந்தது. அதன் பின்னே, ஆட்டுமந்தையும் கைக்குழந்தைகளும் ஒருசேரக் கத்துவது போன்ற ஓசை. விளிம்பில் குப்புறப் படுத்துக் கீழே பார்த்தோம். ஈரப்பாறைகளின் மேல் நூற்றுக்கணக்கில் கிடந்தன. கரையில் அவ்வளவு சோம்பலாய்த் தவழ்ந்த விலங்கு, நீருக்குள் இறங்கியதும் வேறொரு உயிராகிவிடுகிறது. அலை உடையும் இடத்தில் அவை உருண்டு திரும்பியதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். இதற்குப் பொருத்தமான சொல் எங்களிடம் இருந்தது. கை படாத இயற்கை.

டச்சு மொழியில் 'ராப்' என்றால் கடல்நாய், 'பெர்க்' என்றால் மலை. ராபர்க் என்பது கடல்நாய் மலை. ஆனால் இந்த மலையில் தலைமுறைகள் பல கடந்தும் ஒரு கடல்நாய்க் கூட்டம்கூட இல்லாமல் இருந்தது. தோலுக்காகவும் எண்ணெய்க்காகவும் வரைமுறையற்று வேட்டையாடியதில் 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் இங்கிருந்த கூட்டம் முற்றாக அழிந்தது. பெயர் மட்டும் வரைபடத்தில் எஞ்சியது. குளம் தூர்ந்த பின்னும் குளத்தங்கரைத் தெரு என்று வழங்கும் நம் ஊர்களைப் போல. 1973இல் தென்னாப்பிரிக்கா கடற்பறவைகளையும் கடல்நாய்களையும் காக்க ஒரு சட்டம் இயற்றியது. வணிக வேட்டை 1990இல் நின்றது. அதற்குப் பிறகே, அந்தப் பத்தாண்டுகளில், கடல்நாய்கள் ராபர்க் பாறைகளில் மீண்டும் தங்கத் தொடங்கின. 2000இல் 300க்கும் குறைவாக இருந்தவை 2009இல் 3,100ஐத் தாண்டின என்கிறது ஆய்வாளர்களின் கணக்கெடுப்பு.

ஆக, நாங்கள் குப்புறப் படுத்துப் பார்த்த காட்சி தொன்றுதொட்டு அப்படியே இருந்துவருவதன்று. எங்களில் மூத்தவரின் வயதைவிட இளையது அது. ஒரு சட்டம், ஒரு தடை, சில வேலி, சில காவல் ஆகியவற்றின் விளைவு. மனிதன் கை வைத்துப் பிறகு கையை எடுத்துக்கொண்ட இடம் அது. 'கை படாத' என்று எழுதும்போது இரண்டு உண்மைகளை ஒரே வீச்சில் அழித்துவிடுகிறோம்: முதலில் செய்த கொடுமையை, பின்பு எடுத்த நல்ல முடிவை.

இந்த முடிவுக்கு ஒரு விலையும் உண்டு. அதைப் பேசாமல் காப்பகங்களைப் புகழ்வது நேர்மையன்று. கடல்நாய்கள் இருக்குமிடத்தை வெள்ளைச் சுறாக்கள் நாடும். வெள்ளைச் சுறாவைச் சட்டப்படி பாதுகாத்த முதல் நாடு தென்னாப்பிரிக்கா, ஆண்டு 1991. பிளெட்டன்பர்க் குடாவில் 2022 ஜூனில் ஒருவரும் செப்டம்பரில் ஒருவரும் கடலில் நீந்தியபோது சுறா தாக்கி இறந்தனர். குடாவின் மணற்கரையில் குடும்பங்கள் நீராடும் இடங்களுக்கும் நாங்கள் பார்த்த பாறைகளுக்கும் இடையே சில கிலோமீட்டர் தொலைவே.

'சுறாவின் வீட்டுக்குள் நாம்தானே போனோம்' என்ற வாதம் இத்தகைய வேளைகளில் உடனே எழும். எழுத்தில் அது எடுப்பாகவே இருக்கும். இறந்தவரின் வீட்டு வாசலில் நின்று அதைச் சொல்ல எங்களுக்கு நா எழாது. கடல்நாய்களை மீண்டும் விரட்டிவிட்டால் சரியாகிவிடும் என்ற எதிர்வாதமும் அவ்வாறே மலினமானது; இக்கூட்டம் திரும்பி வருவதற்கு முன்பும் சுறாக்கள் இக்கடலில் இருந்தவைதாம். எங்கள் கருத்து இதுதான்: ஒரு சமூகம் காப்பது என்று முடிவெடுத்தால், அதன் இடரை நீராடுபவரின் தலையிலும் வலை வீசுபவரின் தலையிலும் மட்டும் கட்டிவிட்டு ஒதுங்கக் கூடாது. கரையில் கண்காணிப்பவருக்கும் எச்சரிக்கைக் கொடிக்கும் ஆகும் செலவு, காப்பதற்கான செலவின் ஒரு பகுதியே. அதைப் பொதுவில் ஏற்காத ஊரில் என்றாவது ஒரு நாள் மக்கள் விலங்குக்கு எதிராகத் திரும்புவார்கள். அதற்கு அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது.

தீபகற்பத்தின் தென்புறம், கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 20 மீட்டர் உயரத்தில், நெல்சன் பே குகை இருக்கிறது. 1960களிலும் 70களிலும் ரே இன்ஸ்கீப், ரிச்சர்ட் கிளைன் ஆகிய அறிஞர்கள் இங்கே அகழ்ந்தனர். அகழ்ந்த மண்ணடுக்குகளை இன்றும் நேரில் பார்க்கலாம். குகைவாயிலில் நின்றால் எதிரே கடல் இரைகிறது. ஆனால் 20,000 ஆண்டுகளுக்கு முன் இதே வாயிலில் நின்றவர் கடலைக் கண்டிருக்க மாட்டார். பனியூழிக் காலத்தில் கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. கரை ஏறக்குறைய 80 கிலோமீட்டருக்கு அப்பால் கிடந்தது. அவர் கண்ணுக்கெட்டியவரை புல்வெளி. அதில் மேய்ந்தவை இன்று உலகில் எங்குமே இல்லாத பேரெருமையும் பெருங்குதிரையும். அவற்றின் எலும்புகள் குகையின் கீழடுக்குகளில் கிடைத்தன. பிறகு பனி உருகியது. கடல் தலைமுறைக்குச் சிறிதாக நெருங்கி வந்தது. சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முந்தைய அடுக்கிலிருந்து சிப்பி ஓடுகள், மீன்முள், கடல்நாய் எலும்புகள் தோன்றத் தொடங்குகின்றன.

கடல்கோள் என்ற சொல்லோடு வளர்ந்தவர்கள் நாம். கடல் ஒரு பொழுதில் எழுந்து நாட்டையும் நூலையும் விழுங்கியது என்றே நம் கற்பனை பழகியிருக்கிறது. இந்தக் குகையின் கடல்கோள் ஓசையற்றது. புல்வெளி சுருங்கியது, வேட்டை விலங்கு குறைந்தது, எந்தத் தலைமுறையும் தன் வாழ்நாளில் அதைப் பேரழிவாக உணர்ந்திராது. அவர்கள் உண்பதை மாற்றிக்கொண்டு அங்கேயே வாழ்ந்தார்கள், அவ்வளவே. அந்த ஓட்டுக்குவியலின் முன் நின்றபோது எங்களுக்கு ஏற்பட்ட உணர்வு பெருமிதமுமல்ல, துயரமுமல்ல. மதிப்பு என்று சொல்லலாம்.

இன்னொன்றும் அங்கே விளங்கியது. அம்மக்களும் கடல்நாய்களைக் கொன்று தின்றவர்களே. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தின்றார்கள். அதற்குப் பிறகும், ஐரோப்பியர் கப்பலில் வந்து மலைக்கே பெயர் வைக்கும் அளவுக்குக் கடல்நாய்கள் எஞ்சியிருந்தன. தொலைதூரச் சந்தைக்காகத் தோலுரித்த சில தலைமுறைகளில்தான் அவை துடைத்தெறியப்பட்டன. எனவே மனிதக் கை பட்டதா படவில்லையா என்று கேட்பது பயனற்றது. எவ்வகைக் கை, யாருடைய பசிக்காக நீண்ட கை என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

இக்குடாவுக்குப் போர்த்துகீசியர் 'அழகிய குடா' என்று பெயரிட்டிருந்தனர். 1630இல் கோவாவிலிருந்து தாயகம் திரும்பிக்கொண்டிருந்த சான் கொன்சாலோ என்ற அவர்களது கப்பல் இங்கே உடைந்தது. உயிர் தப்பிய ஏறத்தாழ நூறு பேர் மாதக்கணக்கில் இக்கரையில் தங்கி, கிடைத்த மரத்தைக் கொண்டு இரண்டு படகுகள் கட்டிப் புறப்பட்டார்கள். அழகு என்பது கடந்து போகிறவர் வைக்கும் பெயர். தங்க நேர்ந்தவர்க்கு முதற்கவலை குடிநீரும் கூரையுமாகத்தான் இருந்திருக்கும்.

நாங்களும் கடந்து போகிறவர்கள்தாம். அதுவும் அண்மைக்காலம் வரை அனுமதிக்கப்படாதவர்கள். 1860 முதல் சென்னையிலிருந்து நட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழரின் பேரப்பிள்ளைகள், 1953ஆம் ஆண்டின் பொது வசதிகள் பிரிவினைச் சட்டத்தின் கீழ் வெள்ளையருக்கென ஒதுக்கிய கடற்கரைகளில் கால் வைக்க முடியாது. 'வெள்ளையருக்கு மட்டும்' என்ற பலகை மணலில் நட்டிருக்கும். அச்சட்டம் நீக்கப்பட்ட ஆண்டும் 1990. கடல்நாய் வேட்டை நின்ற அதே ஆண்டு. இரண்டுக்கும் காரணகாரியத் தொடர்பு ஏதுமில்லை; இருப்பதாகக் காட்டி உருகுவதும் தவறு. ஆயினும் அந்தத் தற்செயலை எங்களால் எளிதில் கடக்க இயலவில்லை. இயற்கையைக் காத்தல் என்ற பெயரில் வேலி போடும்போதெல்லாம், அந்த வேலிக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்று பார்க்கும் கடமை நமக்கு இருக்கிறது. நம் நாட்டுப் புலிக் காப்பகங்களிலிருந்து வெளியேற்றப்பட்ட பழங்குடிகளை எண்ணிப் பார்த்தால் இது அயல்நாட்டுச் செய்தி மட்டுமல்ல என்பது விளங்கும்.

முனையை அடைந்தபோது காற்று பேச்சை வாய்க்குள்ளேயே திருப்பி அனுப்பியது. பாறைமேல் கறுப்பு உடலும் செந்நிற அலகுமாய்ச் சிப்பி பிடிக்கும் பறவைகள் இரண்டு, எங்களைப் பொருட்படுத்தாமல் தம் வேலையைப் பார்த்தன. திரும்பும் வழி தென்புறக் கரையோரம். அலை சில இடங்களில் பாதைக்கு மிக அருகில் வந்து உடைகிறது. எச்சரிக்கைப் பலகை நினைவுக்கு வர, பேச்சை நிறுத்தி நடந்தோம். விட்சாண்ட் என்ற இடத்தில் காற்று மணலை ஒருபுறம் ஏற்றி, முகட்டைக் கடந்து மறுபுறம் இறக்கிக்கொண்டிருந்தது.

மாலையில் வண்டியருகே செருப்பிலிருந்து மணலைத் தட்டியபோது, 'அடுத்த முறை பிள்ளைகளையும் அழைத்து வர வேண்டும், இப்படியே இருக்கும்போதே' என்றார் நண்பர். அவரைத் திருத்தத் தோன்றவில்லை. ஆனால் இது 'இப்படியே' இருந்ததில்லை. இனியும் தானாக இப்படி இருக்கப் போவதில்லை. ஒவ்வோராண்டும் யாரோ சிலர் இதை இப்படி வைத்திருப்பது என்று மறுபடி முடிவெடுக்க வேண்டும். அதற்கான விலையை நேர்மையாகப் பங்கிட்டுக்கொள்ளவும் வேண்டும். பிள்ளைகளை அழைத்து வரும்போது முதலில் அதைச் சொல்வோம். கடல்நாய்களைப் பிறகு காட்டலாம். அவற்றின் நாற்றம் எப்படியும் முந்திக்கொள்ளும்.