தீட்டு என்றால் பாவமா?

“மாதவிலக்கும் பிள்ளைப்பேறும் பெண்ணைத் தீட்டாக்கும் என்று விவிலியமே சொல்கிறது, தீட்டு என்றால் பாவம்.” கிறிஸ்தவர்களிடையே இன்றும் அடிபடும் இந்தக் கூற்றின் பின்பாதியை எபிரேய மூலம் ஏற்கவில்லை.

தேத், மேம், ஆலெஃப் என்ற மூன்று எழுத்துகளில் பிறக்கும் வினையே அங்கே தீட்டைக் குறிக்கிறது. அதன் அடிப்படை வடிவம் ஒரு நிலையை மட்டுமே சொல்லும், குற்றம் சாட்டாது. பிணத்தைத் தொட்டவர் ஏழு நாள் தீட்டு (எண்ணிக்கை 19:11). பெற்றோரை அடக்கம் செய்வது பாவமா? சைவரும் கத்தோலிக்கரும் சேர்ந்து வாழும் நாரந்தனை ஊருக்கு இது புதிதல்ல. செத்தவீட்டுத் துடக்கு, அதாவது தீட்டு, அந்தியேட்டிச் சடங்கோடு முப்பத்தோராம் நாள் கழிகிறது. துடக்குக்காரரைப் பாவி என்று எவரும் சொல்வதில்லை.

“அப்படியானால் பிள்ளை பெற்றவள் ஏன் பாவம்போக்கும் பலி கொடுக்கிறாள்?” என்பார்கள். லேவியர் 8:15இல் அதே பலி பீடத்துக்காகவும் கொடுக்கப்படுகிறது. பீடம் என்ன பாவம் செய்தது? அது தூய்மையாக்கும் பலி என்று ஜேக்கப் மில்க்ரோம் 1991இல் வெளியான தம் லேவியர் உரையில் விரிவாக நிறுவினார்.

“லேவியர் 18:24 ஒழுக்கக்கேட்டுக்கும் இதே வினையைத்தானே சொல்கிறது?” உண்மைதான். அங்கே வருவது தன்னைத் தானே தீட்டாக்கிக்கொள்வதைக் குறிக்கும் வடிவம். ஆனால் நெருங்கிய உறவினரின் சாவுக்காகக் குரு தீட்டாகலாம் என்று 21ஆம் அதிகாரம் அனுமதிக்கும் இடத்திலும் அதே வடிவமே நிற்கிறது. ஆகவே பாவம், செய்த செயலில் இருக்கிறது, வினைச்சொல்லில் இல்லை.

செக்கேம் என்பவன் கெடுத்த யாக்கோபின் மகளைப் பற்றி, “தீனா தீட்டுப்பட்டவள்” என்பதும் தவறான வாசிப்பு. தொடக்கநூல் 34இல் இவ்வினை மூன்று முறை வருகிறது. மூன்றிலும் அது பிறரைத் தீட்டாக்கும் பிறவினை வடிவம். தீட்டாக்கியவர்கள் செக்கேமும் அவன் ஊராரும். தீனா செயப்படுபொருள் மட்டுமே. செயல் யாருடையது என்பதை இலக்கணமே காட்டுகிறது. ஆனால் இந்த வடிவமும் தானாகக் குற்றம் சாட்டாது: லேவியர் 13:3இல் குரு நோயாளியைத் தீட்டு என அறிவிப்பதற்கும் இதே வடிவம்தான். அவர் நோயை உண்டாக்குவதில்லை, இருப்பதைச் சொல்கிறார்.

மாதவிலக்கான பெண்ணுக்குத் திருவிடம் விலக்கு என்பதும் சரி. ஆனால் விந்து வெளிப்பட்ட ஆணும் மாலைவரை தீட்டு (லேவியர் 15:16). அதைக் கேட்டு எந்த ஆணையும் நாம் கோவில் வாசலில் மறிப்பதில்லை. பாதிச் சட்டத்தைப் பெண்ணுக்கு மட்டும் வைப்பது வேதத்துக்குக் கீழ்ப்படிவதாகாது.

மறைக்கல்வி கற்பிப்போரே, லேவியர் 15ஐ 16ஆம் வசனத்தோடு சேர்த்துக் கற்பியுங்கள். பருவமடைந்த எந்தப் பிள்ளையும் தன் உடலைப் பாவம் என்று எண்ணி வளரக் கூடாது.