மானமா, மகவா?

நள்ளிரவு. பதினேழு வயதுப் பிள்ளை தட்டியெழுப்பியும் எழாது கிடக்கின்றான். மூச்சு விட்டு விட்டு வருகின்றது. உதடு நீலம் பாரித்திருக்கின்றது. தாய் அலறுகின்றாள். தந்தையின் கை முதலில் எங்கே செல்கின்றது? தொலைபேசிக்கா, அன்றிக் கதவின் தாழ்ப்பாளுக்கா? ஏறாவூரிலும் செங்கலடியிலும் வாவிக்கரை எங்கணும் வாழும் பெற்றாரை நோக்கி நாம் இன்று விடுக்கும் கேள்வி இதுவே.

‘அயலார் அறியலாகாது’, ‘பொலிஸ் வந்துவிடும்’, ‘இளையவளின் கலியாணம் என்னாவது’ என்னும் எண்ணங்களே அந்தத் தாழ்ப்பாளைப் போடுகின்றன. குடும்ப மானம் பெரிது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த மானத்துக்கு உரியவன் உயிரோடு இருக்க வேண்டும் அன்றோ?

‘தூங்கி எழுந்தால் தெளிந்துவிடுவான்’ என்று காத்திருப்பதே யாவற்றினும் கொடிய தவறு. ஹெரோயின் போன்றவை அளவு மீறினால் மூச்சை இயக்கும் மூளைப் பகுதியையே அடக்கிவிடுகின்றன. அப்போது கேட்கும் குறட்டை ஒலி நல்லுறக்கத்தின் அறிகுறியன்று. மூச்சு அடைபடுவதன் அறிகுறி. நலோக்சோன் என்னும் ஊசிமருந்து காலத்தோடு ஏற்றப்பட்டால் சில நிமிடங்களில் மூச்சு மீளும். ‘ஐஸ்’ என்பது இதற்கு நேர்மாறானது. உடல் கொதிக்கும், நெஞ்சு படபடக்கும், வலிப்பு வரும். அந்நிலையில் பிள்ளையைக் கட்டி வைப்பதும் குப்புற அழுத்திப் பிடிப்பதும் கொலைக்கு ஒப்பாகும். வீட்டில் எப்போதும் இருக்கும் பரசிற்றமோல் குளிசையோ வஞ்சகமானது. அளவு மீறி உண்டவர் முதல் நாள் நலமாகவே நடமாடுவார். ஈரல் கெட்டமை பின்னரே தெரியவரும். அதற்கும் மாற்று மருந்து உண்டு. முதல் எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் அது மிகுந்த பயன் தரும். ஆகவே, ‘இப்போது நன்றாகத்தானே இருக்கிறான்’ என்று எவரும் ஏமாற வேண்டாம்.

செய்யத்தக்கது யாது? 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் கட்டணமின்றி அம்புலன்ஸ் வரும். அது வரும் வரை பிள்ளையை ஒருக்களித்துக் கிடத்துங்கள். மூச்சைக் கவனித்தபடி அருகிலேயே இருங்கள். புளிக்கரைசல், உப்புநீர், தேசிக்காய்ச் சாறு எதையும் வாயில் ஊற்ற வேண்டாம். வாந்தி எடுக்கச் செய்யவும் வேண்டாம். மூச்சுக்குழாயில் அது புகுந்தால் அதுவே உயிரைக் குடிக்கும். உட்கொண்ட பொருளின் உறையோ எச்சமோ இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். ஏறாவூர் ஆதார வைத்தியசாலையாயினும் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையாயினும், அங்குள்ள வைத்தியரிடம் முழு உண்மையையும் கூறுங்கள். ‘காய்ச்சலில் மயங்கினான்’ என்னும் ஒரு பொய், சரியான மருந்தை ஒரு மணி நேரம் பின்தள்ளிவிடும்.

மறைப்பதால் நோய் தீர்ந்ததுண்டா? நமது வாவியிலுள்ள மாந்தீவே விடை கூறும். தொழுநோயாளரை ஊரார் கண்ணிலிருந்து அகற்றி அத்தீவில் வைத்தனர். ஒதுக்கி வைத்ததால் நோய் ஒழியவில்லை. 1980களில் வந்த கூட்டு மருந்துச் சிகிச்சையே அதைக் குணமாக்கியது.

சட்டத்தின் கதையும் இதுவே. தற்கொலைக்கு முயல்வது 1998 வரை இந்நாட்டில் தண்டனைக்குரிய குற்றமாயிருந்தது. சாவின் வாயிலிலிருந்து மீண்டவனை நீதிமன்ற வாயிலில் நிறுத்தக்கூடிய அந்தப் பிரிவு அவ்வாண்டில் நீக்கப்பட்டது. அதனால் தற்கொலைகள் பெருகினவா? இல்லை, பின்வந்த ஆண்டுகளில் குறைந்தே வந்தன.

1984 இல் ஹெரோயினுக்கும் 2022 இல் ஐஸுக்கும் மரணதண்டனை வரை விதிக்கச் சட்டம் இயற்றியோரை நாம் கேட்கின்றோம்: விற்பவனை அச்சுறுத்தச் சட்டம் செய்தீர்கள், சாகக் கிடப்பவனைத் தூக்கி வருபவனின் அச்சத்தைப் போக்க என்ன செய்தீர்கள்? அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலம் 2007 ஆம் ஆண்டிலேயே, அளவு மீறியவருக்காக மருத்துவ உதவி நாடுவோரை வழக்கிலிருந்து காக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அத்தகைய பாதுகாப்பு இங்கும் சட்டத்தில் ஐயந்திரிபற எழுதப்பட வேண்டும். வைத்தியசாலையின் வாயில், சிறைச்சாலையின் முன்வாயிலாகத் தோன்றலாகாது.

பிள்ளை பிழைத்து வீடு திரும்பியதும் பெற்றாரின் கடமை முடிவதில்லை; அன்றுதான் தொடங்குகின்றது. அடியும் வசையும் அவனை மீண்டும் அதே கூட்டத்திடம் துரத்தும். ‘எதை எடுத்தாய்’ என்பதோடு, ‘சாக எண்ணினாயா’ என்பதையும் தனிமையில் அமைதியாகக் கேளுங்கள். அக்கேள்வி அந்த எண்ணத்தை விதைப்பதில்லை. அடைபட்ட நெஞ்சைத் திறக்கவே செய்யும். குளிசைகளையும் வயலுக்கு வாங்கிய நஞ்சுகளையும் பூட்டி வையுங்கள். உளநல வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஒருமுறையோடு நிறுத்திவிட வேண்டாம். ஆத்திரத்தில் ‘எங்கேனும் அடைத்து வையுங்கள்’ என்று கையளிப்பது சிகிச்சையாகாது. 2022 ஜூனில் கந்தக்காடு புனர்வாழ்வு நிலையத்திலிருந்து நூற்றுக்கணக்கானோர் தப்பியோடியதை நாடே கண்டது.

இன்னுமொன்று கூறல் வேண்டும். சில வாரங்கள் ஹெரோயினை விட்டிருந்தவனின் உடல், பழைய அளவைத் தாங்காது. ‘திருந்திவிட்டான்’ என்று வீடு மகிழும் அந்நாட்களில் பழைய அளவை ஒருமுறை எடுத்தாலும் உயிர் போகலாம். ஆகவே, அவன் மறுபடி சறுக்கினாலும் அதை வந்து சொல்லத்தக்க வீடாக உங்கள் வீடு இருக்கட்டும்.

பள்ளிவாசலிலும் கோயிலிலும் தேவாலயத்திலும் பேசுவோர் இதை வெளிப்படையாகப் பேசட்டும். வைத்தியரும் ஆசிரியரும் கிராமங்களுக்குச் சென்று விளக்கட்டும். வெள்ளத்தில் சாய்ந்த பயிரை நிமிர்த்த இரவென்றும் பகலென்றும் பாராது சேற்றில் இறங்கும் உழவன், தன் பிள்ளை சாய்ந்து கிடக்கையில் அயலான் வாயை எண்ணி நிற்கலாமா? ஊர்வாய் ஒரு மாதம் பேசும்; பின் வேறு கதைக்குத் தாவிவிடும். போன உயிரோ மீளாது. மகனாயினும் மகளாயினும், தாழ்ப்பாளைத் திறந்து தூக்கிச் செல்லுங்கள் என்று பெற்றார் ஒவ்வொருவரையும் வேண்டுகின்றோம்.